அளவு கேட்ட கம்பனி

ருக்கியா தாத்தா எவரையும் இலேசில் நம்பமாட்டார். எரிவாயுச் சிலிண்டர் கொண்டுவருகிறவரை நிற்கவைத்து, தராசில் ஏற்றிப் பார்த்த பிறகே உள்ளே விடுவார். துணிக்கடையில் கிழித்துத் தந்த மூன்று யார் துணியை அந்த மேசையிலேயே விரித்து, முழங்கையால் ஒரு தரமும் தன் நாடாவால் ஒரு தரமும் அளப்பார். நாடாவையும் நம்பமாட்டார். புது நாடா வாங்கினால் பழைய நாடாவோடு சேர்த்துப் பிடித்து, இரண்டும் ஒன்றா என்று பார்த்துத்தான் கழுத்தில் போடுவார். பதினாறு வருடமாக அவரிடம் சாறிச் சட்டை தைப்பிக்கும் என்னையாவது முழுதாக நம்புகிறாரா என்பது எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பை நான் நம்புவதில்லை.

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தாத்தா என்றால் கிழவர். கண்டிக்குப் பக்கத்து அக்குறணையில் முஸ்லிம்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். கண்டிக் கச்சேரியில் அரசாங்க வேலை கிடைத்து, கட்டுகஸ்தோட்டையில் வீடு எடுத்த புதிதில், "நல்லாத் தைக்கிற ஒரு தாத்தா இருக்கிறார்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தாடியோடு ஒருவரை எதிர்பார்த்துத்தான் போனேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து கதவைத் திறந்தவருக்கு என்னைவிட இரண்டு வயதுதான் கூட.

மாத்தளை வீதியிலிருந்து ஏறும் ஒழுங்கையில் மூன்றாவது வீடு. கணவர் லாபிர் நானா கீழே பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். முன்னறைதான் தையல் அறை. கறுப்புத் துணியும் கல் பதித்த சரிகையும் அங்கே எப்போதும் குவிந்து கிடக்கும். முஸ்லிம் பெண்கள் போடும் நீண்ட அங்கியான அபாயா தைப்பதுதான் முக்கிய வேலை. என்னைப் போன்றவர்களின் சாறிச் சட்டை இடைக்கிடை. அறையின் மூலையில் தடித்த திரை ஒன்று தொங்கும். அதற்குப் பின்னால் அளவு எடுக்கும்போது லாபிர் நானா மட்டுமல்ல, மகள் ரிப்காவும் உள்ளே வரக் கூடாது.

மற்றத் தையற்காரிகள் அளவை உரக்கச் சொல்வார்கள், பக்கத்தில் ஒருத்தி எழுதுவாள். தெருவில் போகிறவனுக்கும் நம் இடுப்புச் சுற்றளவு தெரியவரும். ருக்கியா தாத்தா வாயைத் திறக்கமாட்டார். நாடாவைப் பெருவிரல் நகத்தால் பிடித்து, தானே எழுதுவார். எழுதுகிற கொப்பியிலும் பெயர் இருக்காது. ஒவ்வொருவருக்கும் ஒரு படம்: குடை, சீப்பு, கிளி, பூட்டு. எனக்குப் பப்பாசிப் பழம். ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

"பொம்புளட ஒடம்பளவு அமானிதம், மிஸ்" என்று ஒரு தரம் சொன்னார். அமானிதம் என்றால் ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருள். "அவட மாப்புளக்கே தெரியாது நாப்பதா நாப்பத்திரெண்டா எண்டு. எனக்குத் தெரியும். அத யாருட்டயும் செல்லாமலே நான் மௌத்தாகி மண்ணுக்குள்ள போகணும்."

இப்படிப்பட்ட மனிசியின் வீட்டுக்குள்தான் கம்பனி வந்தது.

கம்பனியின் பெயரைச் சொல்லமாட்டேன். வாயால் சொன்ன அன்று பின்னேரமே என் போனில் அதன் விளம்பரம் வந்து நிற்கிறது. தற்செயல் என்கிறார்கள் என் கந்தோரில் உள்ளவர்கள். தற்செயல் இவ்வளவு ஒழுங்காக வேலை செய்வதை நான் அரசாங்க உத்தியோகத்தில் கண்டதில்லை. போனுக்குள் ஒரு கடை, அவ்வளவுதான் என்று தொடங்கினார்கள். பிறகு சாமான் கொண்டுவருகிறவர்களும் அவர்களுடைய ஆட்களே ஆனார்கள். பிறகு பார்த்தால் மற்றக் கடைகளும் அதற்குள் போய்க் குந்திவிட்டன. ருக்கியா தாத்தா இருபது வருடம் துணி எடுத்த கண்டிக் கடைக்காரர், ஒரு நாள் மேசையைத் துடைத்துக்கொண்டே, "இனி இங்க சில்லறையா வெட்டிக் குடுக்கிறதில்ல தாத்தா. அப்ல பாருங்க" என்றாராம். தொட்டுப் பார்க்காத துணியை எப்படி வாங்குவது என்று தாத்தா அவரோடு சண்டை பிடித்தார். பிறகு வாங்கத்தான் செய்தார். வேறு கடை இருக்கவில்லை.

ரிப்காதான் தாயின் அபாயாக்களைப் படம் பிடித்து, கம்பனியின் அப்பில் போட்டாள். பொய் சொல்லக் கூடாது, முதல் வருடம் நன்றாகவே நடந்தது. மாவனல்லையிலிருந்தும் கல்முனையிலிருந்தும் ஓடர் வந்தது. ஒரு மெஷின் மூன்றானது. உதவிக்கு இரண்டு பெண்கள் வந்தார்கள். தாத்தாவின் அபாயாவில் ஒரு விசேஷம் உண்டு: தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளு எடுக்கும்போது கையைச் சுருட்டி நிறுத்த, கையின் உட்பக்கம் தெரியாமல் ஒரு பொத்தான் வைப்பார். அதற்காகவே தேடி வந்தார்கள்.

போன வருடம் கம்பனி ஒரு படிவம் அனுப்பியது. உங்களிடம் தைப்பிக்கிற ஒவ்வொருவருடைய அளவையும் போன் நம்பரையும் போடுங்கள், அடுத்த தரம் அவர்கள் அளவு கொடுக்கத் தேவையில்லை, அவர்களுக்குத்தான் வசதி என்று. போடாத தையற்காரரின் பக்கம் கீழே போகும் என்பதையும் சின்ன எழுத்தில் எழுதியிருந்தார்கள்.

தாத்தா மறுத்தார். பக்கம் கீழே போனது. ரிப்கா தேடிக் காட்டினாள்: முதலில் வேறு ஆட்களின் அபாயா, பிறகும் அபாயா, பிறகு ஒரு மழைக் கோட்டு, அதற்கும் பிறகுதான் இவருடையது. இரண்டு மாதத்தில் உதவிக்கு வந்த பெண்களில் ஒருத்தியை நிறுத்த வேண்டி வந்தது. அப்போதுதான் தாத்தாவுக்கு ஒரு யோசனை வந்தது. ரிப்காவை உட்காரவைத்து, தன்னிடம் தைப்பிக்கிற நாற்பது பேருக்கும் படிவத்தை நிரப்பச் சொன்னார். நம்பர் அவரவருடையது. அளவு மட்டும் நாற்பது பேருக்கும் ஒன்றுதான், தன்னுடையது. கம்பனியின் கணக்கில் அக்குறணைப் பெண்கள் எல்லாரும் ஐந்தடி ஓரங்குலம், இடது தோள் சற்றுச் சரிவு.

அந்தக் கதையை எனக்குச் சொன்னபோது அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நல்லா வெட்டித் தைக்கட்டும். ஊரெல்லாம் சரிஞ்ச தோளோட திரியும்" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். கம்பனியின் காதில் பூச்சுற்றிவிட்டோம் என்று எங்கள் இருவருக்கும் ஒரே பெருமை.

கொஞ்ச நாளில் கம்பனி சொந்தப் பெயரிலேயே அபாயா விற்கத் தொடங்கியது. கையின் உட்பக்கம் பொத்தான் இருந்தது. எது நன்றாக ஓடுகிறது என்பது கம்பனிக்குத்தான் எல்லாருக்கும் முன்னால் தெரியும். தாத்தா பல்லைக் கடித்துக்கொண்டார். "பொத்தானத் தூக்கிட்டுப் போகட்டும். ஒடம்பு அவனுகளுக்குக் கெடைக்கல்ல" என்றார்.

இனி அபீபாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது அவருடைய பெயர் அல்ல. உண்மைப் பெயரை எழுதமாட்டேன்; இவ்வளவு எழுதுவதும் ருக்கியா தாத்தாவிடம் கேட்டுத்தான். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு மார்பில் கட்டி வந்து, இடது பக்கத்தை எடுத்துவிட்டார்கள். ஊருக்குச் சொன்னது பித்தப்பையில் கல் என்று. கணவரையும் டொக்டர்களையும் விட்டால் ருக்கியா தாத்தாவுக்கு மட்டும் தெரியும். மகளுக்குக்கூடத் தெரியாது. மறைத்ததே மகளுக்காகத்தான். கலியாணம் பேசுகிற வயதில் பெண் இருக்கும்போது தாய்க்குப் புற்றுநோய் என்று வெளியே போனால், பிள்ளைக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள். இதை நான் அக்குறணையின் குறை என்று சொல்லவரவில்லை. யாழ்ப்பாணத்தில் வெறும் ஆஸ்துமாவை மறைத்துக் கட்டிக்கொடுத்தவர்கள் என் சொந்தத்திலேயே இருக்கிறார்கள்.

அபீபாவின் உடுப்புகளில் தாத்தா இடது பக்கம் உள்ளே ஒரு பை வைத்துத் தைத்தார். பஞ்சை அடைத்து, மற்றப் பக்கத்துக்குச் சமமாகக் கனக்க வேண்டும் என்பதற்காக நடுவில் ஒரு சின்னக் கடுகுப் பொட்டலமும் வைத்தார். பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் தொழுகையில் குனிந்து எழும்பும்போது அது மேலே ஏறிவிடுகிறது என்று அபீபா ஒரு நாள் அழுதிருக்கிறார். இதற்கென்றே செய்த, தோலோடு ஒட்டி நிற்கிற சாமான் ஒன்று கண்டியில் மருந்து விற்கிற பாமசியில் உண்டு. ஆனால் அங்கே நிற்பவர் அபீபாவின் கணவருக்கு மச்சான் முறை.

ஒரு நாள் மத்தியானம் ருக்கியா தாத்தா கச்சேரிக்கே வந்து என்னை வெளியே கூப்பிட்டார்.

"மிஸ், ஒங்கட போன்ல ஒரு சாமான் எடுத்துத் தரணும். ரிப்காட போன்ல ஏலாது, அவ பாத்துருவா. யாருக்கு எண்டு கேக்க வேணாம்."

"நான் ஏன் கேக்கப்போறன்? என்ன சாமான் எண்டு சொல்லுங்கோ."

காதோடு காதாகச் சொன்னார். தேடி எடுத்தேன். எந்தப் பக்கம் என்று அப் கேட்டது. இடது என்று அழுத்தினேன். பருமன் கேட்டது. தாத்தா விரலால் என் உள்ளங்கையில் எழுதிக் காட்டினார், வாயால் சொல்லவில்லை. விலாசம் கேட்டது. ஒரு வீட்டு விலாசம் சொன்னார். போன் நம்பர் கேட்டது.

"என்ரை நம்பரைப் போடட்டோ?"

"வேணாம். அவட நம்பரப் போடுங்க. இல்லாட்டி பார்சல் கொண்டு வாறவன் சந்திக் கடைல, இல்லாட்டி மாப்புளட கைல குடுத்துட்டுப் போவான். அவட கைலயே குடுக்கணும். நம்பர் என்னத்துக்கு, கதவு தட்டத்தானே."

பெண்ணுக்கு வருகிற பொருள் பெண்ணின் கைக்கே போக வேண்டும் என்பதில் தாத்தா அவ்வளவு கண்டிப்பு. பெயரும் கேட்டது. பெயர் மட்டும் கூடாது என்றார். நான் 'குடை' என்று போட்டேன். இருவருமாக எல்லாக் கதவையும் பூட்டிவிட்டோம் என்ற திருப்தியோடு தாத்தா பஸ் ஏறினார். அடுத்த கிழமை தாத்தாவிடமிருந்து எனக்கு இனிப்பு வட்டிலப்பம் வந்தது. சாமான் நன்றாக இருக்கிறதாம், குனிந்தாலும் ஏறுவதில்லையாம்.

மூன்று மாதம் கழித்து அபீபாவின் மகளைப் பார்க்கக் கம்பளையிலிருந்து மாப்பிள்ளையின் தாய் வந்தார். எல்லாருக்கும் பிடித்துப்போனது. மகள் பட்டம் வாங்கிய படங்களைக் காட்டுவதற்காக அபீபா தன் போனை அந்த அம்மாவின் கையில் கொடுத்தார். ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, படத்தின் மேலே ஒரு செய்தி வந்து விழுந்தது. சத்திரசிகிச்சைக்குப் பின் அணியும் இடது பக்க மார்பகம், புதிது வாங்கும் நேரம் வந்துவிட்டதா, உங்களைப் போன்ற பெண்கள் இவற்றையும் வாங்கினார்கள். எல்லாம் நல்ல தமிழில். அந்த உபகாரத்தையும் கம்பனி செய்திருந்தது.

மாப்பிள்ளையின் தாய் வாசித்தார். போனைக் கவிழ்த்து மேசையில் வைத்தார். பலூடா நல்லா ஈக்கி என்று சொல்லி மிச்சத்தைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை அபீபா ருக்கியா தாத்தாவின் வாசலில் வந்து நின்றார். கதிரையை இழுத்துப் போட்டும் உட்காரவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, "ஒங்களத் தவிர ஒரு பொம்புளக்கும் தெரியாது, தாத்தா" என்றார். திரும்பிப் போய்விட்டார்.

தாத்தாவின் சந்தேகம் வீட்டுக்குள் பாய்ந்தது. முதலில் மகளைப் பிடித்தார். கொப்பியைப் படம் பிடித்துக் கம்பனிக்கு அனுப்பினாயா என்று கேட்டார். ரிப்கா குர்ஆன் மேல் சத்தியம் பண்ணுகிறேன் என்று அழுதாள், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. அடுத்தது வேலைக்கு வருகிற பெண். திரைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாயா என்று கேட்டு அவளையும் அழவைத்தார். மூன்றாவது ஆள் நான். சனிக்கிழமை வரச் சொல்லிப் போன் எடுத்தார்.

"மிஸ், அண்டைக்கு எடுத்த சாமானப் பத்தி யாருக்குச் சென்னீங்க?" வாசலில் வைத்தே கேட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. "பதினாறு வருசமா வாறன். உங்கட கொப்பியிலை எந்தப் படம் ஆருடையது எண்டு ஒரு நாள் கேட்டனானோ? அந்த நம்பர் ஆருடையது எண்டே எனக்குத் தெரியாது. பிறகு நான் ஆருக்கு என்னத்தைச் சொல்லுறது?"

நம்பர் என்று சொன்ன இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. போனை எடுத்து, பழைய ஓடர்களைத் தேடினேன். 'குடை' இருந்தது. அதன் கீழே அந்த நம்பர். அது அபீபாவுடையது என்று அப்போதுதான் தாத்தா சொன்னார். ரிப்காவை அழைத்தேன். அபீபாவின் போனிலும் அதே அப் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, அதில்தானே அவர் பிளெண்டர் எடுத்தார் என்றாள்.

"எந்த நம்பரிலை?"

"அவங்கட நம்பர்ல தானே, மிஸ்." அவள் என் போனை வாங்கிப் பார்த்தாள். அவளுடைய முகம் மாறியது. "உம்மா, அப்புக்குப் பேர் தேவல்ல. குடை எண்டு போட்டா என்ன, கிளி எண்டு போட்டா என்ன. நம்பர்தான் ஆள்."

தாத்தாவுக்குப் புரிய நேரம் எடுக்கவில்லை. புரிந்ததும் அவர் கேட்ட கேள்வி என்னைத் தூக்கிவாரிப்போட்டது. "அப்ப அந்த நாப்பது பேரு?"

ரிப்கா தலையைக் குனிந்துகொண்டாள். நாற்பது பேரின் பொய் அளவோடு நாற்பது பேரின் உண்மையான நம்பரையும் இவர்களே கொடுத்திருந்தார்கள். இன்னார் அபாயா தைப்பிக்கிறவர், இன்ன ஊர் என்று கம்பனிக்குத் தெரிந்தால் போதும். அளவு அதற்கு எதற்கு? கம்பனியின் அபாயா விளம்பரம் அந்த நாற்பது பேருக்கும் வந்தபடி இருக்கிறது. பதினொரு பேர் இப்போது தாத்தாவிடம் வருவதில்லை. அவர்கள் ஊர் மாறிவிட்டார்கள், நோன்பு என்று வரவில்லை என்றெல்லாம் தாத்தா இவ்வளவு நாளும் ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். அங்குலத்தைக் கண்ணில் எண்ணெய் விட்டுக் காத்த மனிசி, ஆட்களைத் தன் கையால் எழுதிக் கொடுத்திருந்தார்.

"ஆஸ்பத்திரியிலை இருந்து ஆரோ சொல்லியிருக்க வேணும் எண்டு சொல்லுங்கோ" என்றேன். வெட்கத்தை விட்டுத்தான் சொன்னேன். "இல்லாட்டிக் கம்பனி ஒட்டுக் கேட்டது எண்டு சொல்லுங்கோ. அது பொய்யுமில்லை."

"நான்தான் நம்பரச் சென்ன" என்றார் தாத்தா. அபாயாவைப் போட்டுக்கொண்டு செருப்பைத் தேடினார். "வாங்க."

அபீபாவின் வீடு அரைமைல். மேட்டில் ஏறும்போது தாத்தா ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அபீபாவே வந்து கதவைத் திறந்தார். நல்ல உயரம், அமைதியான முகம். நான் யார் என்று தாத்தா சொன்னார். பிறகு நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னார்: கச்சேரி வாசல், என் போன், குடை, நம்பர். எனக்கு நிலத்தைத் தவிர வேறெங்கும் பார்க்க முடியவில்லை.

"கோவம் இல்ல தாத்தா" என்றார் கடைசியில். "கம்பளைல இருந்து சென்னனுப்பீக்கிறாங்க. பையன் மொதல்ல கட்டாருக்குப் போய்ட்டு வரட்டுமாம். பொறகு பாப்பமாம்."

"அவங்கட வீட்டுக்கு நான் போய்ப் பேசுறேன்."

"பேசி என்ன செய்ற? மகளுக்கும் தெரிஞ்சு போச்சு. ராவெல்லாம் என்னக் கட்டிப் பிடிச்சிட்டு ஈந்தா. அது போதும் எனக்கு."

தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த ஒரே ஆறுதலைச் சொன்னார். "பெருநாளைக்கு ஒங்கட அபாயாவ இங்க வந்தே அளந்து தச்சுத் தாரேன். நீங்க அங்க வர வேணாம்."

அபீபா தேத்தண்ணி போட எழும்பினார்.

"வேணாம் தாத்தா. அப்ல ஓடர் போட்டுட்டேன். உள்ளுக்குப் பை வெச்சே வருது."

"அளவு?"

"நான்தான் குடுத்தேன். ரெண்டு பக்கமும்."

"அபீபா, அவனுகதானே ஒங்களுக்கு இத..."

"தெரியும். அவங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே, இனி மறைக்க என்ன ஈக்கி? ஒங்ககிட்ட வந்தா, ஒங்க கண்ணு மொதல்ல எங்க போகும் எண்டு எனக்குத் தெரியும் தாத்தா. ரெண்டு வருசமா அங்கதான் போகுது. அந்தப் போன் என்னப் பாக்குதில்ல."

தேத்தண்ணி தந்தார். குடித்தோம். சீனி போட்டிருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இறங்கி வரும்போது தாத்தா எனக்கு முன்னால் நடந்தார். பள்ளிவாசல் திருப்பத்தில் நின்று, என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"மிஸ், இண்டைக்குக் கதவத் தொறந்த நேரம் நான் அங்கயா பாத்தேன்?"

"இல்லை" என்று பொய் சொன்னேன்.

பார்த்தார். நானும் அங்கேதான் பார்த்தேன்.